குழுவிலிருந்து நீக்கப்பட்டவள்

எங்கள் ஷூ கம்பெனியில் வேலை நடக்கும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் என் படிப்பு, அரசியல், சண்டை எல்லாமே கம்பெனி பஸ்ஸில்தான் நடந்தன. காலையில் உத்திரமேரூரிலிருந்து ஒரகடம் பக்கம் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் மற்ற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தெரியாத மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போவேன்.

முதலில் சேர்ந்தது அரசுத் தேர்வுக்குப் படிக்கிற டெலிகிராம் குழு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிறகு கம்பெனி. புத்தகத்தைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கோச்சிங் சென்டர் போக எனக்கு ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது, வாரத்துத் துணியும் வீட்டு வேலையும் அன்றைக்குத்தான். குழுவில் தினமும் கேள்வி போடுவார்கள், நான்கு விடைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். தப்பாக அழுத்தினால் சிவப்பு வரும். முதல் மாதம் என் போனில் சிவப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இந்த வயசுல போயி பரீட்சை கிரீட்சைன்னு பேஜாரு புடிச்சிக்கினு" என்று சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழுவில் என் பெயரைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. பெயர் கேட்ட இடத்தில் 'உத்திரமேரூர்' என்று அடித்தேன். என்னைப் போலவே ஊர்ப் பெயரில் ஒளிந்திருந்தவர்கள் நிறையப் பேர். திருநெல்வேலி என்ற பெயரில் ஒரு பெண் இருந்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தனியாகக் கேட்பேன், அவள் குரல் செய்தியில் சொல்லித் தருவாள். அவளுக்குக் கணக்கு வராது, எனக்கு வரும். அதை நான் சொல்லித் தருவேன். இன்று வரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் அம்மாவுக்கு எந்த நாளில் மூட்டு வலி கூடும் என்பதுவரை எனக்குத் தெரியும்.

அவள்தான் என்னை இன்னொரு குழுவில் இழுத்துவிட்டாள். அங்கே தேர்வு கிடையாது, பேச்சு மட்டும்தான். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் யாராவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள். இட ஒதுக்கீடு, மாநில உரிமை, நூறு நாள் வேலை, எதுவாக வேண்டுமானாலும் இருக்கும். பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம், சண்டையும் போடலாம். அரசியல் என்றால் தேர்தல் வரும்போது வாசலில் வந்து கும்பிடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பஸ் டிக்கெட், ரேஷன் அரிசி, என் சம்பளத்தில் பிடிக்கிற பிடிப்பு எல்லாமே அரசியல்தான் என்று அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். போனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்கிறவர்களிடம் சொல்கிறேன், நான் போனைப் பார்த்துத்தான் தேறினேன்.

மாதக் கணக்கில் நான் வாயே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் சேலத்துக்காரர் ஒருவர் பேசினார். நன்றாகப் படித்தவர், நிதானமான குரல். தலைப்பு, உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து, ஊர் ஆட்களைத் தேர்ந்தெடுத்த ஊர், மக்களாட்சிக்கே தாய்வீடு என்று உருகிப் பேசினார். பேச்சின் நடுவில், "நம்ம குழுவிலேயே ஒருத்தர் அந்த மண்ணிலிருந்து இருக்காங்க. உத்திரமேரூர், நீங்க சொல்லுங்க, அந்தச் சுவர் முன்னாடி நிக்கும்போது எப்படி இருக்கும்?" என்றார்.

பஸ் அப்போது வாலாஜாபாத் தாண்டிக்கொண்டிருந்தது. முதல் முறையாக மைக்கைத் திறந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது எல்லாம் அதில் போயிருக்கும்.

"நான் அந்தக் கோயிலுக்குள்ள போனதே இல்லிங்க" என்றேன்.

இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் மைக்கை மூடிவிட்டேன். காது சுட்டது. தினமும் அந்தப் பக்கமாகத்தான் பஸ் ஏறுகிறேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை. போவதற்கு எனக்கு ஒரு காரணம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு போனேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். உத்திரமேரூரில் சிமெண்ட் கடைக்குப் போகிறேன் என்றவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். "கோயிலா? இன்னாத்துக்கு திடீர்னு?" என்றார். "பாக்கணும்" என்றேன். அவரும் கூட வந்து, கல் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க எழுத்து. ஒரு வரிகூட என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எங்கள் தேர்வுப் பாடத்திலேயே இருந்தது. குடத்தில் பெயர் போட வேண்டுமானால் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். விடையை அழுத்துவதற்காக அதை மனப்பாடம் செய்திருந்தேன். அந்தச் சுவர் முன்னால் நின்றபோதுதான் அது என்னைப் பற்றிய வரி என்று உறைத்தது.

எங்கள் ஆட்கள் காலம் காலமாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். எங்கள் ஊர், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர். நிலம் வைத்திருக்கிறவர்கள் இருப்பது ஊர். நாங்கள் இருப்பது காலனி. நடுவில் ஒரு வாய்க்கால்.

அன்று சாயங்காலமே குழுவில் குரல் செய்தி போட்டேன். சுவரைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குடத்துக்குள் என் ஆட்கள் பெயர் ஒன்றுகூட விழுந்திருக்காது, பொம்பிளை பெயரும் விழுந்திருக்காது, இனிமேல் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றேன்.

சேலத்துக்காரர் பதில் போட்டார். "அந்தக் காலத்து விஷயத்தை இந்தக் காலத்துக் கண்ணால பாக்கக் கூடாது சகோதரி."

"எனக்கு இருக்கிறது இந்தக் கண்ணுதாங்க. வேற கண்ணுக்கு நான் எங்க போறது?" என்றேன்.

அதன் பிறகு குழுவில் பற்றிக்கொண்டது. சிலர் என் பக்கம், சிலர் அவர் பக்கம். ஒருவன் நான் சாதியைக் கிளப்புகிறேன் என்றான். இன்னொருவன் நான் பெண்ணே இல்லை, போலிக் கணக்கு என்றான். நான் விடவில்லை. மறுநாள் பஸ்ஸிலும் பதில் எழுதினேன். கடைசியில் சேலத்துக்காரர் ஒன்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சரி, அப்போ விடலை. ஒத்துக்கறேன். இப்போ கிராம சபை இருக்கே. ஓட்டு இருக்கிற யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம். நீங்க உங்க ஊர் கிராம சபையில பேசியிருக்கீங்களா?"

பேசியதில்லை. போனதே இல்லை. அது எப்போது நடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவர் என்னை மடக்கக் கேட்டாரோ இல்லையோ, எனக்கு முள் மாதிரி ஏறிவிட்டது.

விசாரித்தேன். கிராம சபை எப்போது, எங்கே என்பதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்களாம். அந்தக் குழுவில் காலனி எண் ஒன்றுகூடக் கிடையாது. அதன் அட்மின் பால் ஊற்றுகிற இடத்தில் கணக்கு பார்க்கிறவர், ஊர்க்காரர். நேரே போய்க் கேட்டேன்.

"ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சிக்கோங்களேம்மா. அதுல ஒங்க விஷயத்த போட்டுக்கலாம் இல்ல?" என்றார்.

"கிராம சபை ஒண்ணுதானேண்ணா? குரூப்பு மட்டும் எதுக்கு ரெண்டு?"

அவருக்குப் பின்னால் கேனோடு இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் இல்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். சேர்த்துவிட்டார்.

சேர்ந்து பார்த்தால் காலை வணக்கம், அம்மன் படம், கறவை மாடு விற்பனைக்கு, கரண்ட் எப்போது வரும். ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானும் எழுதினேன். மே தின கிராம சபை எத்தனை மணிக்கு? காலனிக்கும் ஏன் மைக்கில் சொல்வதில்லை? ஊருக்கு விடியற்காலை ஆறு மணிக்குக் குடிதண்ணீர் விடுகிறீர்கள், காலனிக்குப் பதினோரு மணிக்கு விடுகிறீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் வயலிலும் கம்பெனியிலும் இருக்கிறோம், யார் பிடிப்பது?

மரியாதையாகத்தான் எழுதினேன். அனைவருக்கும் வணக்கம் என்றுதான் ஆரம்பித்தேன். கம்பெனியிலிருந்து வெளியே வந்து பெட்டியைத் திறந்து போனைப் பார்த்தபோது நான் அந்தக் குழுவில் இல்லை. நீக்கியிருந்தார்கள்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் டீக்கடை வழியாக என் வீட்டுக்காரருக்குப் போயிருந்தது. யாரோ நான் எழுதியதைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று கேட்டார்.

"இன்னா எயுதிக்கீற நீ?"

"தண்ணி எப்ப வரும்னு கேட்டேன்."

"அத்த என்னாண்ட கேட்டா நான் போயி சொல்ல மாட்டனா? ஊரே சிரிக்குது. பொண்டாட்டிய அரசியல் பேச வுட்டுட்டு சும்மா கீறான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறானுங்க. போனக் குடு."

"தர மாட்டேன்."

"குடுன்றேன்."

"என் சம்பளத்துல வாங்கினது. தர மாட்டேன்."

பிள்ளைகள் இரண்டும் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்தன. அவர் கை ஓங்கவில்லை, அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. குரல் இறங்கி, "ஊர்ல மூணு வூடு கட்டிக்கினு கீறாங்க. நாளைக்கு எந்த மூஞ்ச வச்சிக்கினு நான் அங்க வேலைக்குப் போறது? அத்த யோசிச்சியா நீ?" என்றார்.

யோசிக்கவில்லை. அது உண்மை. அவர் சொன்னதில் பயம் இருந்தது, அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் தண்ணீர் கேட்டால் வேலை போகும் என்றால், அந்த வேலையைக் காப்பாற்ற இன்னும் எதையெல்லாம் கேட்காமல் இருக்க வேண்டும்? அதை அவரிடம் சொன்னேன். அதன் பிறகு பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த மூன்றில் ஒரு வீட்டில் நிஜமாகவே வேறு கொத்தனாரை வைத்துக்கொண்டார்கள்.

திருநெல்வேலிப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லி, பயமாக இருக்கிறது என்றேன். பின்னால் துணிக்கடைக் கூச்சல் கேட்க, கிசுகிசுப்பாகப் பதில் அனுப்பினாள். "பயந்தா பயந்துக்கிட்டே போங்கக்கா. பயம் போற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தா மே தினம் போயிரும்லா."

அட்மின் சொன்னபடியே செய்தேன். காலனிக்கென்று தனியாக ஒரு குழு ஆரம்பித்தேன். பெண்கள் மட்டும். முதலில் ஏழெட்டுப் பேர்தான், பிறகு கூடியது. பாதிப் பேருக்கு எழுதப் படிக்க வராது, அதனால் எல்லாமே குரலில். பஸ்ஸிலிருந்து தினமும் கொஞ்சம் பேசி அனுப்புவேன். கிராம சபை என்றால் என்ன, யார் வரலாம், என்ன கேட்கலாம் என்று நான் பேச்சுக் குழுவில் கேட்டதை எங்கள் பேச்சில் சொல்வேன். பக்கத்து வீட்டு அக்கா களை எடுக்கும்போது போனை ஸ்பீக்கரில் வைத்து வரப்பில் நிறுத்திவிடுவாளாம். சேர்ந்து களை எடுக்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்களாம். ஒரு நாள் அவள் அனுப்பிய பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "தே பாரு, நீ சொல்றது எல்லாம் சரி. அங்க போயி நீ எய்ந்து பேசுவியா, இல்ல எங்கள மின்ன தள்ளிட்டு பின்ன நிப்பியா? அத்த மொதல்ல சொல்லு."

"நான்தான் பேசுவேன்" என்றேன்.

மே தினம். கம்பெனி லீவு. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். எத்தனை மணி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். ஆண்களுக்கு நாற்காலி, எங்களுக்குக் கீழே ஜமுக்காளம். வழக்கமாக நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அனுப்பிவிடுவார்களாம். அன்றும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். செயலாளர் வேகமாக எதையோ வாசித்தார். எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"தலைவரே, ஒரு விஷயம் பேசணும்."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரூட்டு மருமவ நீ?"

பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்தபடியே, "காலனிக்காரி. ஓட்டு கீது அவளுக்கு" என்றாள்.

தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். ஆறு மணிக்கு வேண்டும் என்றேன்.

"இதெல்லாம் ஆபீஸ்ல வந்து சொல்லும்மா. இது சபை."

"சபையில சொல்லணும்னுதான் வந்துகீறோம் தலைவரே."

நாற்காலியிலிருந்து ஒருவர், "போன பாத்துக்கினு வந்து பேசறாளுங்க" என்றார். சிரிப்பு கிளம்பியது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஆமாண்ணா, போன பாத்துதான் கத்துக்கினேன். நீங்க யாரும் சொல்லிக் குடுக்கல." அதே வரிசையில் பால்கணக்கு அட்மின் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எங்கிருந்தோ வந்தது. "இதே கேள்விய குரூப்புல கேட்டேன், என்ன தூக்கிட்டாங்க. இங்கேருந்து தூக்கறதுக்கு பட்டன் கெடையாது. பதில் சொன்னாத்தான் ஒக்காருவேன்."

ஜமுக்காளத்தில் இருந்த பெண்கள் ஹோவென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னை நிற்க வைத்தது. அக்கா எழுந்தாள். பிறகு அவள் தங்கை எழுந்தாள். நிற்கிறவர்கள் கூடக் கூட, நாற்காலிகளில் பேச்சு குறைந்தது. கடைசியில் தலைவர் தண்ணீர் திறந்துவிடுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விட்டால் மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஏறாது என்றார் அவர். "அப்போ ஒரு வாரம் அவங்களுக்கு மொதல்ல, ஒரு வாரம் எங்களுக்கு மொதல்ல" என்றாள் அக்கா. அதைத் தீர்மானமாக எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார்கள். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் அன்று உத்திரமேரூரில் வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்து கை கால் கழுவிக்கொண்டே, பல நாளுக்குப் பிறகு முதல் பேச்சாக, "இன்னா சொன்னாங்க?" என்றார். சொன்னேன். நாற்காலிக்காரருக்கு நான் கொடுத்த பதிலை மட்டும் இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டார். அதற்காக அவர் முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் நான் நீளமாக எழுதிக்கொண்டிருந்தால், "எங்கியாவது மாட்டிக்கப் போற" என்பார். ஆனால் போனைக் கொடு என்று அதற்குப் பிறகு கேட்டதில்லை.

பேச்சுக் குழுவில் நடந்ததைச் சொன்னேன். திருநெல்வேலி விசில் அடித்து அனுப்பினாள். சேலத்துக்காரர் மனசாரப் பாராட்டினார். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய குடவோலையின் உண்மையான வாரிசு நீங்கதான்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் விட முடியவில்லை. "இல்லிங்க. அந்தக் குடம் எங்களுக்கு எதையும் எழுதி வைக்கல. இத நாங்களா கேட்டு வாங்கினோம்" என்றேன்.

தண்ணீர் வருகிறது. ஒழுங்காக வருகிறது என்று சொன்னால் பொய். சில வாரம் மறந்துபோய்விடுவார்கள். குழுவில் ஒரு குரல் போனால் போதும், நான்கு பேர் குடத்தோடு ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறார்கள். நான் இல்லாமலே போகிறார்கள். தேர்வில் நான் தேறவில்லை, கொஞ்சத்தில் போய்விட்டது. மறுபடியும் எழுதுவேன். பக்கத்து சீட்டுப் பெண் இப்போது தூங்குவதில்லை. என் இயர்போனில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொள்கிறாள். ஊர்க் குழுவில் என்னை மறுபடி சேர்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஒரு புது எண்ணிலிருந்து குரல் செய்தி வந்தது. ரகசியமாகப் பேசுகிற குரல், பின்னால் மாடு கத்தியது. ஊர்ப் பெண். நிலம் இருக்கிற வீட்டு மருமகள். "எங்க வூட்டு பொம்பளைங்க யாரும் கிராம சபைக்குப் போறதில்ல. போனா ஆம்பளைங்க திட்டுவாங்க. ஊர் குரூப்புல எங்க நம்பரும் இல்ல, வீட்டுக்காரங்க நம்பருதான் கீது. ஒங்க குரூப்புல என்ன சேத்துக்குவீங்களா? அடுத்த தபா நானும் வரலாமா?"

குழுவில் கேட்டேன். நாள் முழுக்கச் சண்டை. அவங்க வூட்டு ஆளுங்கதான் நம்மளத் தூக்கினாங்க, இவள ஏன் சேக்கணும் என்றாள் ஒருத்தி. உளவு பார்க்க வருகிறாள் என்றாள் இன்னொருத்தி. அவள் வீட்டு வாசலில் தனி டம்ளரில் தண்ணீர் குடித்ததை ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கும் மனசு கசந்தது. கம்பெனி முடிந்து வந்து போனைத் திறந்தபோது கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் இருந்தது.

"சேத்து வுடு. வரட்டும். ஆனா ஒண்ணு, வந்து சும்மா ஒக்காந்துட்டுப் போவக் கூடாது. எய்ந்து நின்னு கேக்கணும். அத்த சொல்லிட்டுச் சேரு."

அப்படியே சொல்லித்தான் சேர்த்தேன்.